எந்தப் படம் எந்தச் சுவரில்: திருகோணமலையில் வணிகம் பேசும் விதம்

மார்கழி பிறந்து வருடம் முடியும் நாட்களில் திருகோணமலைப் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடைக்கோ நகைக்கடைக்கோ போய்ப் பாருங்கள். காசு கொடுத்ததும் முதலாளி மேசைக்குக் கீழே கையை விட்டுச் சுருட்டி வைத்த நாட்காட்டியொன்றை எடுப்பார். எடுக்குமுன் ஒரு கணம் ஆளைப் பார்ப்பார். பொட்டு வைத்த அம்மாவுக்கு லட்சுமியோ முருகனோ போகும். தொப்பி போட்டவர் என்றால், "காக்கா, கஃபா படம் இருக்கு, தரட்டா?" என்று கேட்பார். கழுத்தில் சிலுவை தெரிந்தால் மாதா படம். ஆளைப் பார்த்துப் பிடிபடவில்லை என்றால் பூந்தோட்டமோ, சிரிக்கும் குழந்தையோ. கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனம் இதையே மூன்று கூட்டம் வைத்து, ஐம்பது பக்க அறிக்கை எழுதிச் செய்யும். அங்கே இதற்குப் பெயர் பண்பாட்டுப் புரிதல், காட்சிவழிக் கதைசொல்லல், தொடர்பாடல் உத்தி. நம் முதலாளி அதை ஒரு பார்வையில் முடித்துவிடுகிறார். அவர் கொடுக்கும் தாளில் ராகுகாலமும் போயா தினமும் ஹிஜ்ரித் திகதியும் பாடசாலை விடுமுறையும் சேர்ந்தே கிடக்கும். அது சமையலறை வாசலிலோ சாமிப்படத்துக்குப் பக்கத்திலோ ஒரு வருடம் தொங்கும். பேஸ்புக்கில் காசு கட்டிப் போடும் எந்த விளம்பரத்துக்கும் அந்த இடம் கிடைக்காது.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வேர் உண்டு. ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கியபோதுதான் தெய்வப் படங்கள் சாதாரண வீட்டுச் சுவருக்கு இறங்கி வந்தன. சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு ஒட்டும் படத்துக்காக அச்சுத்தொழில் வளர்ந்தது. அந்த அச்சுத்தொழில் பிறகு நாட்காட்டிகளை ஊர் ஊராக அனுப்பியது. தமிழ் வியாபாரி படத்தால் பேசத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆகவே இதை வெளியிலிருந்து வந்த புதுக் கலை என்று யாரும் நமக்கு விற்க வேண்டியதில்லை.

விற்கிறார்கள் என்பது வேறு விஷயம். "மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாக வாசிக்கும்" என்ற வரி இல்லாத சந்தைப்படுத்தல் பயிலரங்கைக் காண்பது அரிது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் கிடையாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்து எழுதி வந்ததுதான். படமும் சொல்லும் சேர்ந்து வந்தால் நினைவில் நன்றாக நிற்கும் என்பதற்கு மட்டும் உளவியலில் உறுதியான அடிப்படை இருக்கிறது. உளவியலாளர் அலன் பைவியோ 1970களில் முன்வைத்த இரட்டைக் குறியீட்டுக் கோட்பாடு அதைத்தான் விளக்குகிறது. ஆனால் நினைவில் நிற்பது வேறு, நல்லதாக நிற்பது வேறு. தவறான படமும் நன்றாகவே நினைவில் நிற்கும்.

பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது வகுப்புகளில் அடுத்து வருபவர் நெதர்லாந்துச் சமூக உளவியலாளர் கேர்ட் ஹொஃப்ஸ்டெட். 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து நாடுகளுக்குப் புள்ளி போட்டவர். எந்த நாட்டார் குழுவாகச் சிந்திப்பார்கள், எந்த நாட்டார் அதிகாரத்துக்குப் பணிவார்கள் என்பது அவர் அட்டவணையில் இருக்கும். நாட்டுக்கு ஒரு பண்பாடு என்று வைத்தால்தான் அந்தக் கணக்கு ஓடும். திருகோணமலை மாவட்டத்தில் அது முதல் சந்தியிலேயே நின்றுவிடுகிறது. 2012 குடிசன மதிப்பின்படி இங்கே ஏறத்தாழ 3,80,000 பேர். பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மீதியில் பெரும்பகுதி சிங்களவர். பஸ் நிலையத்தில் தொங்கும் ஒரு பதாகையை ஒரே காலையில் கிண்ணியா ஆசிரியையும் சாம்பல்தீவு மீனவரும் கந்தளாய் விவசாயியும் பார்க்கிறார்கள். இலங்கைக்குப் போட்ட புள்ளி அந்த மூவரில் யாருக்கும் பொருந்தாது.

சரி, எது பொருந்தும்? படத்தின் பொருள் படத்துக்குள் இல்லை; அந்த மாதிரிப் படத்தை மக்கள் இதுவரை எங்கே, எப்போது, எதற்காகத் தொங்கவிட்டார்கள் என்பதில் இருக்கிறது. "சிவப்பு மங்கலம், வெள்ளை துக்கம்" என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வெள்ளை பாடசாலைச் சீருடையின் நிறம். கோயிலுக்குக் கட்டும் வேட்டியின் நிறம், போயாவன்று சில் எடுக்கும் பௌத்தர்களின் நிறம், ஜும்ஆவுக்குப் போகிறவரின் உடுப்பு நிறம். வீதியோரம் வரிசையாகக் கட்டிய வெள்ளைக் கொடி என்றால் மட்டும் பக்கத்தில் மரண வீடு. நிறம் ஒன்றுதான், கட்டிய விதம் பொருளை மாற்றிவிடுகிறது.

குருத்தோலைத் தோரணம் இதைவிட நுணுக்கமானது. கல்யாண வீட்டுத் தோரணத்துக்கும் மரண வீட்டுத் தோரணத்துக்கும் ஓலை ஒன்றுதான். அதில் மடிக்கும் குருவிகளின் எண்ணிக்கை வேறு, தலை பார்க்கும் திசை வேறு. இணையத்தில் தோரணப் படம் தேடி எடுத்துக் கடைத்திறப்பு அழைப்பிதழின் மேல்விளிம்பில் ஒட்டும் வடிவமைப்பாளருக்கு அது அழகான ஒரு கோடு. அழைப்பிதழைக் கையில் வாங்கும் அப்பாச்சிக்கு அது சாவீடு. அவர் யாரிடமும் முறையிட மாட்டார், கடிதம் எழுத மாட்டார். திறப்பு விழாவுக்கு மட்டும் வரமாட்டார். இப்படியான இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

மரண அறிவித்தலின் காட்சிமொழியை இங்கே தனியாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் நம் ஊர்ச் சுவர்களில் அதிகம் அச்சாகி ஒட்டப்படும் வடிவமைப்பு அதுதான். நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஒருவரின் முகம், இரண்டு பக்கமும் பூ, கீழே எரியும் விளக்கு, அதற்குக் கீழே இரண்டு திகதிகள். "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்தை வாசிக்க முன்பே தூரத்தில் வரும் ஆட்டோக்காரருக்கு விஷயம் விளங்கிவிடும். இப்போது ஒரு நிறுவனம் தன் அறுபதாவது ஆண்டைக் கொண்டாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவுநரின் முகத்தை நடுவில் வைத்து, ஓரத்தில் குத்துவிளக்கு வைத்து, கீழே "1965 - 2025" என்று போட்டால் என்ன நடக்கும்? நிறுவுநர் உயிரோடு இருந்தால் அவர் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் போகும். விளக்கில் பிழையில்லை, முகத்திலும் பிழையில்லை. முகமும் விளக்கும் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு வேலைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டன, அவ்வளவுதான்.

அரசியலும் இதே மாதிரிப் படங்களைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த நாட்டில், எழுத்தறியாத வாக்காளருக்காக வேட்பாளருக்கொரு நிறப்பெட்டி வைத்தார்கள்; பிறகு சின்னங்கள் வந்தன. ஆகவே தனிப் படத்தை அரசியலாக வாசிப்பதில் இந்த மக்களுக்குப் பல தலைமுறைப் பயிற்சி உண்டு. வீடு தமிழரசுக் கட்சி, மரம் முஸ்லிம் காங்கிரஸ், சைக்கிள் தமிழ்க் காங்கிரஸ், மயில் மக்கள் காங்கிரஸ், திசைகாட்டி தேசிய மக்கள் சக்தி. வங்கியொன்று வீட்டுக்கடன் விளம்பரத்தில் வீட்டைப் போடாமல் வேறெதைப் போடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேர்தல் மாதத்தில் தனி வீட்டுக் கோட்டோவியத்தைப் போடாமல், திறப்பை வாங்கும் கையையோ பாதி எழும்பிய சுவரையோ போடலாம் என்பதுதான் பதில். தேர்தல் முடிந்தபின் வீடு திரும்பவும் வீடாகிவிடும்.

காலம் இப்படி வேறு வழிகளிலும் படத்துக்குள் புகுந்துவிடுகிறது. மாவீரர் நாள் வரும் நவம்பர் கடைசி வாரத்தில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறித் தொங்கும் அலங்காரம் வடக்கு கிழக்கில் வெறும் அலங்காரமாக யாருக்கும் தெரியாது, பொலிசாருக்கும் தெரியாது. டிசம்பர் 26ஐ ஒட்டி வருட இறுதித் தள்ளுபடிக்கு ஒரு பேரலையைப் படமாக்குவது வேறோர் ஊரில் சாதாரண யோசனை. 2004இல் அலை வந்து போன நிலாவெளி, குச்சவெளி, மூதூர்க் கரைகளில் அதைப் பார்த்துப் பொருள் வாங்க யார் வருவார்?

பண்டிகை வாழ்த்துப் படங்களில்தான் சோம்பேறித்தனம் அதிகம் தெரிகிறது. நோன்பு தொடங்கியதும் நிறுவனங்களின் பக்கங்களில் ஒட்டகமும் மணல்மேடும் பிறையும் வரிசை கட்டும். கிண்ணியாவில் ஒட்டகம் எங்கே இருக்கிறது? அங்கே நோன்பு என்றால் பின்னேரம் பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் கிண்டும் கஞ்சி, அதை வாங்கத் தூக்குச்சட்டியோடு ஓடும் பிள்ளைகள், கடலேரிக் காற்று. தைப்பொங்கலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து இறக்கிய ஜல்லிக்கட்டுக் காளை வரும். காளையை அடக்குவது இங்கே ஊர் வழக்கமில்லை. முற்றத்தில் கோலம் போட்டு, அடுப்பு மூட்டி, பானை பொங்கும்போது வெடி கொளுத்துவோம். இந்தப் படங்களால் யாரும் புண்படப் போவதில்லை. ஆனால் "இவர்களுக்கு எங்களைத் தெரியாது" என்ற செய்தி அழகாக, முழு நிறத்தில், நிறுவனத்தின் சொந்தச் செலவில் போய்ச் சேருகிறது.

இடங்களுக்கும் இது பொருந்தும். கன்னியா வெந்நீரூற்று சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் குதூகலக் குளியலுக்கான இடம். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு, சிரித்துக்கொண்டே வாளியால் ஊற்றும் இளம் சோடி. தமிழ் இந்துக்களுக்கு அது இராவணன் தன் தாய்க்குக் கருமம் செய்த இடம் என்ற ஐதிகத்தோடு வருவது. இறந்தவருக்குக் கிரியை செய்யப் போகிற இடம். அண்மைக் காலத்தில் தொல்லியல் சார்ந்த உரிமைப் பிணக்கும் அதோடு சேர்ந்துகொண்டது. கோணேசர் மலையில் நின்று எடுக்கும் கடற்காட்சியும் அப்படித்தான்: ஒருவருக்கு அது செங்குத்துப் பாறை, இன்னொருவருக்குச் சம்பந்தர் பாடிய தலம், வரலாறு தெரிந்தவருக்குப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கல்லால் கோட்டை கட்டிய இடம். இத்தகைய இடங்களை விளம்பரத்தில் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே யாரை, என்ன செய்துகொண்டிருப்பவராகக் காட்டுகிறோம் என்பதை முடிவெடுப்பது வடிவமைப்பாளரின் வேலையில்லை. நிறுவனத்தை நடத்துகிறவரின் வேலை.

ஒரு படம் கெட்டுப் போகவும் கூடும். சேலை கட்டிய கிராமத்துப் பெண், கையில் விசிறிபோல் பிடித்த ரூபாய்த் தாள்கள், வாய் நிறையச் சிரிப்பு. யுத்தம் முடிந்த கையோடு வடக்கு கிழக்கில் நுண்கடன் நிறுவனங்கள் இந்தப் படத்தோடுதான் வந்தன. வாராவாரம் மோட்டார் சைக்கிளில் படலைக்கு வந்து நின்ற வசூல்காரர்களும் அதே காலத்தவர்கள்தான். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே இறங்க வேண்டியிருந்தது. இப்போது நேர்மையான ஒரு கூட்டுறவுச் சங்கம் அதே சிரிப்பைப் பதாகையில் போட்டாலும், பார்ப்பவர் தேடுவது அந்தப் பெண்ணின் சிரிப்புக்குப் பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளைத்தான். இதைத் திருத்த இன்னும் அழகான படம் உதவாது. வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்ட, படமே இல்லாத ஒரு தாள் உதவலாம்.

இனிக் கதைசொல்லல். காணொளி விளம்பரம் எடுக்கிறவர்கள் இப்போதெல்லாம் ட்ரோனை மேலே விட்டுத்தான் தொடங்குகிறார்கள்: கடல், கோட்டை, மான், பிறகு நிறுவனத்தின் இலச்சினை. கிழக்கில் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கதை அப்படித் தொடங்குவதில்லை. கட்டியகாரன் முதலில் வந்து யார் வரப்போகிறார் என்று அறிவிப்பான். அரசன் வந்ததும் வரவுப்பாட்டில் தான் யார், எந்த நாட்டான் என்று ஆடிக் காட்டுவான். அது முடிந்த பிறகுதான் கதை நகரும். கடைக்கு வரும் வாடிக்கையாளரும் அப்படித்தானே? "தம்பி நீங்க எந்த ஊர்? ஆருட மகன்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் விலை பேசுவார். ஆள் முதலில், ஊர் அடுத்து, பொருள் மூன்றாவது என்ற இந்த ஒழுங்கை வைத்து முப்பது நொடிக் காணொளி எடுக்கலாம். ட்ரோன் வாடகையும் மிச்சம்.

மூதூர்ப் பக்கத்தில் எருமைத்தயிர் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சட்டியில் உள்ளூருக்கு விற்றவர்கள் இனி நிலாவெளி ஹோட்டல்களுக்கும் கொழும்பு சுப்பர்மார்க்கெட்டுக்கும் கொடுக்க நினைக்கிறார்கள். உள்ளூர் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை தருவது குளத்தில் கிடக்கும் எருமைக் கூட்டமும், சட்டியைச் சரித்தாலும் வழியாத கட்டித்தயிரும். கொழும்புக்காரருக்கு அதே சேற்று எருமை சுத்தமின்மை. அவர் பார்க்க விரும்புவது உருக்குப் பாத்திரமும் கையுறையும். தயிருக்குப் பக்கத்தில் என்ன வைப்பது என்பது இன்னும் முக்கியம். கித்துள் பாணி வைத்தால் அது தென்னிலங்கையின் சாப்பாட்டு மேசை. சோறும் வாழைப்பழமும் சீனியும் வைத்தால் அது நம் வீடு. வெளிநாட்டுக்காரர் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டால் அது ஹோட்டலின் காலை உணவு. சட்டி மாறவில்லை, தயிரும் மாறவில்லை; பக்கத்தில் வைத்த பொருள் யாரைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிடுகிறது.

லேபலில் ஹலால் இலச்சினை எங்கே என்பதும் இதே கேள்விதான். 2013இல் அந்த இலச்சினைக்கு எதிராகத் தெற்கில் கிளம்பிய பிரசாரமும், அதன் அழுத்தத்தில் உள்நாட்டுப் பொருட்களில் இலச்சினை வேண்டாம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யத்துல் உலமா ஒதுங்க நேர்ந்ததும் இங்குள்ள எந்த முஸ்லிம் உற்பத்தியாளருக்கும் மறக்கவில்லை. விரல்நுனி அளவு வட்டம் ஒன்று, ஒரு வாசகருக்கு உத்தரவாதம், இன்னொரு வாசகருக்குச் சீண்டல் ஆன கதை அது. முன்பக்கமா பின்பக்கமா என்பதை இன்றும் பலர் அச்சத்தோடுதான் முடிவெடுக்கிறார்கள். அதை வடிவமைப்பு விருப்பம் என்று அழைப்பது சரியாகாது.

ஹோட்டல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நிலாவெளியும் உப்புவெளியும் கிழக்கே பார்த்த கரைகள். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், கடலுக்குள் மறையாது. அப்படியிருந்தும் கடலில் சூரியன் விழும் படத்தைப் போட்டு அறை விற்பது நடக்கிறது. அலைச்சறுக்குப் படமும் வேண்டாம், அது அறுகம்பைக்குரியது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, தெற்குக் கரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் மாதங்களில், இங்கே கடல் குளம்போல அடங்கிக் கிடக்கும். திமிங்கிலம் பார்க்கப் போவதும் அந்தக் காலத்தில்தான். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது; பவளப்பாறையில் ஏறி நிற்கும் பயணியின் படம் சட்டத்தோடும் மோதும், படித்த பயணியின் மனத்தோடும் மோதும். உள்ளூர்ப் பயணி வேறு சாதி. பஸ் பிடித்துக் குடும்பத்தோடு வந்து, சோற்றுப் பார்சலோடு கோணேசரையும் கன்னியாவையும் கடலையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்புகிறவர். அவருக்கு மாலை வானத்தைக் காட்டுவதைவிட, உடுப்பு மாற்றும் அறையின் சுத்தமான கதவையும் வாகனம் நிறுத்தும் இடத்தையும் ஆளுக்கு எவ்வளவு என்பதையும் காட்டினால் போதும். அழகில்லாத படம்தான், ஆனால் வேலை செய்யும்.

எழுத்தும் கண்ணுக்குப் படம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். கொழும்பில் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ பெட்டி அளந்து முடித்த பிறகு தமிழை அதற்குள் திணிப்பார்கள். தமிழ் நீளமாக ஓடும். ஆகவே எழுத்தைச் சின்னதாக்குவார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஒட்டினால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். மாற்றினாலும் மென்பொருள் ஒத்துழைக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். தமிழ் தெரியாத அச்சகத்தில் அதைப் பிடிக்க ஆளில்லை. இருபது அடி உயரத்தில் உடைந்து தொங்கும் கொம்பைப் பார்க்கிறவர், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை தமிழில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

இத்தனையையும் எந்தக் கையேடும் முன்கூட்டிச் சொல்லித் தராது. பார்த்துக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். வழி எளிது. அச்சுக்குப் போகுமுன் வரைவை ஒரு ஏ4 தாளில் எடுத்து, எழுத்தை விரலால் மறைத்து, மீன் சந்தையில் ஒருவருக்கும் கிண்ணியாவில் ஒருவருக்கும் கந்தளாயில் ஒருவருக்கும் ஐந்து நொடி காட்ட வேண்டும். "பிடிச்சிருக்கா?" என்று கேட்கக் கூடாது; மரியாதைக்காக ஓம் என்றுதான் சொல்வார்கள். "இது என்னத்தைப் பற்றினது? ஆர் போட்டிருப்பினம்?" என்று கேட்க வேண்டும். மூவரில் ஒருவர் மரண அறிவித்தல் என்றோ, கட்சி என்றோ, கடன்காரர் என்றோ சொன்னால் படத்தை மாற்ற வேண்டும். ஒருவர் வயது போன அம்மாவாக இருப்பது நல்லது, அவர் தோரணத்தையும் பார்ப்பார். அச்சகத்தில் பிழைதிருத்தப் பிரதியில் கையெழுத்து வைக்கிறவர் தமிழ் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பெரிய நிறுவனங்களுக்குக்கூட இதற்கு ஆகும் செலவு ஒரு பதாகையின் விலையை எட்டாது.